கௌரிக் காப்பும் ஐயரின் கடிதமும்

போன கிழமை எங்கள் பழைய அலுவலகத்துச் சின்ன வக்கீல் போன் எடுத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, பெயர் அபிராமி.

"அன்ரி, எனக்கு நாளைக்கு ஒரு ஹியரிங். லைக், ரிலிஜன் கேஸ். ஸூம்லதான். உங்கட காப்புக் கேஸ் ஃபைல் எங்க இருக்கு? ஐ நீட் இட் டுடே."

"ஸூமிலயோ? பிறகென்னெண்டு பிள்ளை கை தெரியும்?" என்று கேட்டேன்.

"கையா? வை கை?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாவம், அவளில் பிழை இல்லை. இப்போதெல்லாம் விசாரணை என்றால் திரையில் நாலு கட்டம், கட்டத்துக்குள் நாலு தலை. கழுத்துக்குக் கீழே மனிதர்களுக்கு ஒன்றும் இல்லை. ஃபைல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லி, கதையையும் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். பத்து நிமிடத்தில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால்தான் இப்போது ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் என் வீட்டில் ஆற அமர இருந்து எழுதுகிறேன்.

நான் சந்திரா. ரொறன்ரோவில் லோ கிளார்க்காக வேலை செய்து ஓய்வு பெற்றவள். மன்றத்தில் வக்கீல் வாயால் பேசுவார். அந்தப் பேச்சுக்கு வேண்டிய தாளெல்லாம் கிளார்க்கின் கையால் போகும். வந்த புதிதில் ஒரு விருந்து மண்டபத்தில் கோப்பை கழுவினேன், பின்னேரங்களில் கல்லூரிக்குப் போனேன், படிப்பு முடிய அகதி வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் சேர்ந்தேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அந்த அகதி வழக்குகளில் நான் படித்தது ஒரே பாடம். கடிதம். கிராம சேவகரிடம் கடிதம், பள்ளிக்கூட அதிபரிடம் கடிதம், சுவாமியாரிடம் கடிதம், கோயில் ஐயரிடம் கடிதம். கடிதம் இருந்தால் ஆள் இருக்கிறார். கடிதம் இல்லாவிட்டால் ஆளே இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் ஐந்து விஷயம் பார்ப்பேன்: தலைப்பு, முத்திரை, கையெழுத்து, திகதி, தொலைபேசி எண். அதிகாரிகள் பிழை பிடிப்பது அதிலேதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கண் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகும். இந்தப் பழக்கம் பின்னாளில் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

பிறகு ஹெலனிடம் வந்தேன். ஹெலன் பஃபலோக்காரி. நயாகராவுக்கு அந்தப் பக்கம், அமெரிக்க நீதிமன்றங்களில், மதச் சுதந்திர வழக்குகளையே வருடக்கணக்காக நடத்தியவர். சனிக்கிழமை வேலை செய்ய மாட்டேன் என்ற ஓய்வுநாள்காரர், தாடி மழிக்க மாட்டேன் என்ற சிறைக்கைதி, இப்படியான ஆட்கள்தான் அவருடைய கட்சிக்காரர்கள். கனடாக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கே வந்து, திரும்பவும் சோதனைகள் எழுதி, வக்கீல் ஆனார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை துளியும் கிடையாது. "எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால்தான் யார் பக்கமும் சாயாமல் வாதாட முடிகிறது" என்பார்.

அவருடைய வேலை முறையைச் சொல்ல வேண்டும். மேசையில் பேனாவே இருக்காது, பென்சில்தான். எந்தத் தாளையும் மூன்று தரம் வாசிப்பார். முதல் தரம் பென்சில் தொடமாட்டார். இரண்டாம் தரம் கோடு. மூன்றாம் தரம் ஓரத்தில் ஒரு கேள்வி. வாசிக்கும்போது அப்பிள் சாப்பிடுவார், நடுத்தண்டு விதையெல்லாம் சேர்த்து, காம்பு மட்டும் மிச்சம். கட்சிக்காரர் வந்தால் வழக்கைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "அன்றைக்குக் காலமை எழும்பினதிலிருந்து சொல்லுங்கள்" என்பார். சொல்லி முடிய, "இன்னொரு தரம்" என்பார். அதற்குப் பிறகும் இன்னொரு தரம். எனக்கு முதலில் இவருக்கு விசர், பைத்தியமாக்கும் என்று பட்டது. ஆனால் மனிதர்கள் முதல் தரம் கோபத்தைச் சொல்வார்கள், இரண்டாம் தரம் நியாயத்தைச் சொல்வார்கள், மூன்றாம் தரம்தான் நடந்ததைச் சொல்வார்கள் என்பதை அவரிடம்தான் கண்டேன்.

யோகம் அக்கா எங்களிடம் வந்தது ஒரு மாசி மாதம், நல்ல பனிக்காலம். மில்லிக்கனில் இருக்கிறவர். சான்ட்விச் செய்து கடைகளுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடமாக வேலை. ஜாக்கெட்டைக் கழற்றாமலே இருந்து, இடது கையை மட்டும் மேசையில் வைத்தார். மணிக்கட்டில் கௌரிக் காப்பு.

கேதார கௌரி விரதம் தெரியாதவர்களுக்கு இரண்டு வசனம் சொல்கிறேன். இருபத்தொரு நாள் நோன்பிருந்து, தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசையன்று இருபத்தொரு இழை நூலைப் பெண்கள் இடது கையில் கட்டிக்கொள்வார்கள். அடுத்த வருட விரதத்தில் புதுக் காப்புக் கட்டும்வரை அது கையிலேயே இருக்கும்.

"ஆறு வருசமா இது கையில இருக்கு. வேலைக் கோட்டின்ர கைக்குள்ள கிடக்கும், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் யோகம் அக்கா. "இப்ப புது மனேஜர் ஒருத்தன் வந்திருக்கிறான். லைனில நிக்கேக்க வந்து கத்தரிக்கோலை நீட்டுறான். சாப்பாட்டில கிருமி படுமாம், வெட்டு, இல்லாட்டி வீட்ட போ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வீட்ட வந்திட்டன்."

தொழிற்சாலை அவர் தானாக வேலையை விட்டதாக எழுதிவிட்டது. இதில் இன்னொரு சிக்கல். யோகம் அக்காவின் கணவர் டாக்ஸி ஓட்டியவர். இதயத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மருந்தெல்லாம் மனைவியின் வேலை பெனிபிட்டில், அதாவது கம்பனி தரும் மருந்துக் காப்புறுதியில்தான் வந்துகொண்டிருந்தது. வேலை போனதும் அதுவும் போயிற்று. விரதமோ புருஷனின் ஆயுளுக்கு. காப்பை வெட்டினால் மருந்து வரும். வெட்டினால் அவர் பிழைக்கமாட்டார் என்பது யோகம் அக்காவின் நெஞ்சில் ஊறின நம்பிக்கை. என்ன செய்வார் அந்த மனுசி?

சமரசப் பேச்சில் கம்பனிக்காரர், கையெழுத்துப் போட்டுவிட்டு விலகினால் நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தருவோம் என்றார்கள். யோகம் அக்கா என்னைப் பார்த்து, "எனக்கு உவையின்ர நற்சான்றிதழ் வேண்டாம், என்ர இடம்தான் வேணும் எண்டு சொல்லும்" என்றார். வழக்கு மனித உரிமை நடுவர் மன்றத்துக்குப் போயிற்று.

ஹெலனுக்கு இது கொண்டாட்டம். "சந்திரா, எங்கள் ஊரில் என்றால் நான் இவ்வளவு நம்பிக்கையாக இருக்கமாட்டேன்" என்று தொடங்கினார். அமெரிக்க அரசியலமைப்பின் மதச் சுதந்திரம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டும். தனியார் முதலாளிக்கு வேறு சட்டம். அந்த நாட்களில் அங்கே முதலாளிக்குச் சின்னச் சிரமம் என்றாலே போதும், தொழிலாளியின் கோரிக்கை விழுந்துவிடும். அதை அவர்களின் உச்ச நீதிமன்றம் திருத்தி, சிரமம் பெரியது என்று காட்டவேண்டும் என்று சொன்னது இப்போது அண்மையில்தான். இங்கே ஒன்டாரியோவில் அப்போதே, தாங்க முடியாத சிரமம் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். ஹெலன் தன் நாட்டுச் சட்டத்தை விட்டுக்கொடுக்கவும் மாட்டார், மூடி மறைக்கவும் மாட்டார். அதில் எனக்கு அவரில் பெரிய மதிப்பு.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

இரு பக்கமும் தங்கள் தாள்களை மற்றப் பக்கத்துக்கு அனுப்பவேண்டிய கடைசி நாள். ஹெலன் ஒஷாவாவில் வேறொரு வழக்கில். அவர் பென்சில் போட்டுப் பார்த்த கட்டு ஆயத்தமாக மேசையில் இருந்தது. அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கை சும்மா கிடக்குமா? கோயில் கடிதம் இல்லாமல் ஒரு சமய வழக்கா என்று, இரண்டு நாளுக்கு முன்னரே கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டிருந்தேன். அன்று மத்தியானம் கோயில் மனேஜர் அதை ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொண்டுவந்து தந்தார். இரண்டு பக்கம். மேலே பிள்ளையார் படம் போட்ட தலைப்பு, கீழே வட்ட முத்திரை, கையெழுத்து, திகதி, போன் நம்பர். முதற் பந்தியில் விரதத்தின் மகிமை. எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கட்டின் கடைசியில் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

அடுத்த நாள் ஹெலன் கடிதத்தை எடுத்தார். முதல் தரம் வாசித்தார். இரண்டாம் தரம் பென்சிலை எடுத்து, இரண்டாம் பக்கத்தின் கடைசி வசனத்துக்குக் கீழே மெல்லக் கோடு போட்டார். தாளை என் பக்கம் திருப்பினார். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் காப்பைக் கழற்றி நீரில் விடலாம், தோஷம் இல்லை, பிறகு திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

ஐயோ! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்பார்கள். இங்கே பூசாரி இடங்கொடுத்ததுதான் வினை! நேரே வெளியே போய்க் காருக்குள் இருந்து ஐயருக்குப் போன் அடித்தேன்.

"என்ன ஐயா உப்பிடி எழுதிப் போட்டியள்?"

"ஏன் பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு வேலை போகக்கூடாதெண்டுதானே நல்லதா எழுதினனான்" என்றார் அவர். அந்தக் குரலில் அவ்வளவு கருணை. அவரை நான் எப்படி ஏசுவது? ஏசவேண்டிய ஆள் நான்தான், காருக்குள் இருந்து என்னையே வாயில் வந்தபடி ஏசினேன்.

திரும்பி வந்து, "வேலையை விட்டுவிடுகிறேன்" என்றேன் ஹெலனிடம். அவர் அப்பிளைக் கடித்துக்கொண்டு கடிதத்தை மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கடிதம். பொய் இல்லாத கடிதம். நீ எழுதச் சொல்லி எழுதின கடிதம் இல்லை என்று இதிலேயே தெரிகிறது" என்றார். "ஆனால் இனிமேல் எனக்குக் காட்டாமல் ஒரு தாளும் வெளியே போகக்கூடாது. இரு."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் ஏசவில்லை. பிறகு ஒரு அமெரிக்க வழக்கைச் சொன்னார். ஒரு இரும்பு ஆலைத் தொழிலாளி. ஆலையில் அவனைப் போர்த் தாங்கிக்கு உறுப்புச் செய்யும் பகுதிக்கு மாற்றினார்கள். ஆயுதம் செய்வது என் மதத்துக்கு விரோதம் என்று வேலையை விட்டான். அதே மதத்தைச் சேர்ந்த சக தொழிலாளியோ, அதில் பாவம் ஒன்றும் இல்லை என்று தொடர்ந்து செய்துகொண்டிருந்தான். வேலையை விட்டவனுக்கு வேலையில்லாக் கால உதவியை மறுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரே மதத்துக்காரர் இருவரில் யாருக்கு மதம் சரியாக விளங்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை இல்லை, இந்த மனிதன் உண்மையாக நம்புகிறானா என்பதுதான் கேள்வி என்று அந்த நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

"எங்கள் நீதிபதிகள் எத்தனையோ பிழை விட்டிருக்கிறார்கள்" என்றார் ஹெலன். "இதில் விடவில்லை. இங்கே கனடாவின் உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் போகிறது. ஐயர் என்ன சொல்கிறார் என்பதல்ல, யோகம் என்ன நம்புகிறார் என்பதுதான் வழக்கு. அதை நானும் சொல்லமுடியாது, நீயும் சொல்லமுடியாது. அவர்தான் சொல்லவேண்டும். சொல்லிக் கொடுக்காதே, சந்திரா. ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்காதே."

பிறகு யோகம் அக்காவைக் கூப்பிட்டு அந்த நாளை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அது ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ. அப்போதுதான், போகிற போக்கில் ஒரு வசனம் விழுந்தது. "நான் வெளியில வரேக்க பக்கத்தில நிண்ட பெட்டை அழுதவள். பாவம், அவளுக்கும் கை எரிஞ்சு, கட்டுப் போட்டு, அதுக்கு மேல பிளாஸ்டிக் கையுறை போட்டுத்தான் நிக்கிறவள்."

ஹெலனின் பென்சில் நின்றது. "கட்டு எங்கே?"

"மணிக்கட்டிலதான்."

அடுத்த நாள் ஹெலன் உணவுச்சாலைச் சாமான் விற்கும் மொத்தக் கடைக்குத் தானே போய், முழங்கைவரை வரும் பிளாஸ்டிக் கையுறை ஒரு பெட்டி வாங்கி வந்தார்.

விசாரணை நாள். சின்ன அறை, நீள மேசை. நடுவர் ஒரு பெண். யோகம் அக்காவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் ஹெலனுக்குப் பின்னால் பெட்டிகளோடு. யோகம் அக்காவின் இடது கை மேசைமேல், எல்லாருக்கும் நடுவில் இருந்தது. மஞ்சள் போய்ப் பழுப்பேறின நூல். பேசுகிறவர் எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பேசினாலும் கண் அந்தக் கையில்தான் போய் விழுந்தது. திரையில் இது நடக்காது, அபிராமி.

கம்பனி வக்கீல் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. ஐயரின் கடிதத்தை எடுத்துக் கடைசி வசனத்தை ஆறுதலாக வாசித்தார்.

"இது உங்கள் கோயில் குருக்களின் கடிதம்தானே?"

"ஓம்."

"அவர்தான் உங்களுக்கு இந்த நூலைக் கட்டியவர்?"

"ஓம், அவர்தான்."

"கழற்றலாம், தோஷம் இல்லை என்று அவரே சொல்கிறார். உங்கள் மதத்தைப் பற்றி உங்கள் குருக்களைவிட உங்களுக்குக் கூடுதலாகத் தெரியுமா?"

யோகம் அக்காவுக்குக் கோபமில்லை. தன் காப்பை ஒரு தரம் பார்த்தார்.

"ஐயருக்கு எல்லாம் தெரியும். நான் அவரை மறிச்சுக் கதைக்க மாட்டன்" என்றார். "ஆனா தம்பி, கட்டினது ஐயர். நோன்பிருந்தது நான். என்ர மனுசனுக்காண்டி அம்மனிட்டக் கேட்டது நான். ஐயர் கழட்டலாமெண்டு சொல்லுவார், ஏனெண்டா நோயில கிடக்கிறது அவற்ற மனுசன் இல்லை."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். நடுவர் எழுதுவதை நிறுத்தி, "தயவுசெய்து இன்னொரு தரம்" என்றார். ஹெலன் கேட்பதுபோலவே! மொழிபெயர்ப்பாளர் திரும்பவும் சொன்னார், நடுவர் முழுவதையும் எழுதினார். கம்பனி வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று அமர்ந்துவிட்டார்.

பிறகு தொழிற்சாலை மனேஜரின் முறை. கட்டுப் போட்ட பெண்ணுக்கு ஆறு கிழமை பிளாஸ்டிக் கையுறையோடு வேலை கொடுத்ததை ஒப்புக்கொண்டார். "அது மருத்துவக் காரணம்" என்றார். ஹெலன் பெட்டியைத் திறந்து, யோகம் அக்காவிடம் ஒரு கையுறையைக் கொடுத்தார். யோகம் அக்கா ஆறு வருடப் பழக்கத்தில் சரக்கென்று முழங்கைவரை இழுத்து, மேலே சின்னக் கையுறையைப் போட்டு, விளிம்பை ஒட்டுநாடா சுற்றி ஒட்டி, கையைத் தூக்கிக் காட்டினார். காப்பு மறைந்துவிட்டது.

"இதற்குள் இருப்பது கட்டா, காப்பா என்று கிருமிக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஹெலன்.

மனேஜர் நல்ல மனிதராக இருக்கவேண்டும். மழுப்பாமல், "தெரியாது" என்றார்.

இடைவேளை விட்டதும் நான் வெளியே ஓடிப்போய், நடையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அழுதேன். வழக்கு நல்லாய்ப் போகுது, இவள் ஏன் அழுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஹெலன் வந்தார். ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து ஒரு அப்பிளை எடுத்துத் தந்துவிட்டுப் போனார்.

தீர்ப்பு வர மாதங்கள் எடுத்தன. அதற்கிடையில் யோகம் அக்காவின் கணவருக்குப் பைபாஸ் நடந்தது, பிழைத்துக்கொண்டார். தீர்ப்பு யோகம் அக்காவுக்குச் சாதகம். வேலை திரும்பக் கொடுக்கவேண்டும், கையுறையோடு காப்பை அனுமதிக்கவேண்டும். தீர்ப்பில் ஐயரின் கடிதத்துக்கு ஒரு தனிப் பந்தி இருந்தது. குருக்களே வேறு வழி காட்டியும் இந்தப் பெண் தன் வழியில் நின்றதுதான் அவருடைய நம்பிக்கை உண்மையானது என்பதற்குப் பலமான சாட்சி என்று நடுவர் எழுதியிருந்தார். ஹெலன் அந்தப் பந்தியைப் பென்சிலால் சுற்றி, ஓரத்தில் "சந்திராவின் கடிதம்" என்று எழுதி என் மேசையில் வைத்தார். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அப்படி ஒரு மனுசியிடம் வேலை செய்யக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற அன்று, மத்தியானச் சாப்பாட்டில், ஹெலன் பக்கத்தில் வந்து அமர்ந்து மெல்லக் கேட்டார். "அன்றைக்கு நடையில் ஏன் அழுதாய்?"

சொன்னேன். என் வீட்டுக்காரருக்கும் சொல்லாத விஷயம். கனடாவுக்கு வந்த முதல் வருடம் நானும் விரதமிருந்து காப்புக் கட்டியிருந்தேன். விருந்து மண்டபத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசர் என் கையை ஒருதரம் பார்த்தான். நான் கழிவறைக்குள் போய், உருளைக்கிழங்கு வெட்டும் கத்தியால் அறுத்து, பேப்பரில் சுற்றிக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு விரதம் பிடிப்பது? விட்டுவிட்டேன்.

"அவன் வெட்டச் சொன்னானா?" என்று கேட்டார் ஹெலன்.

"இல்லை. பார்த்தான், அவ்வளவுதான்."

ஹெலன் என் இடது மணிக்கட்டைப் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லாத மனுசி.

போன ஐப்பசியில் இருபத்தொரு நாளும் விரதமிருந்தேன். அமாவாசையன்று கோயிலில் நீள வரிசை. அதே ஐயர், தலை நல்லாய் வெளுத்துவிட்டது. என் முறை வர, கையைப் பிடித்து நூலைச் சுற்றிக்கொண்டே, எல்லாருக்கும் சொல்வதுபோல எனக்கும் சொன்னார்.

"பிள்ளை, வேலை இடத்தில ஏதும் கரைச்சல் எண்டால் கழட்டலாம். தோஷமில்லை."

"எனக்கு இப்ப வேலையும் இல்லை, கையைப் பாக்கிறதுக்கு ஒருத்தனும் இல்லை ஐயா" என்றேன். "இறுக்கிக் கட்டுங்கோ."